சமையல் நிகழ்ச்சிகளில் சொல்லப்படும் உடல்நலக் குறிப்புகள்: தொலைக்காட்சித் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சமையல் நிகழ்ச்சிகளைத் தயாரித்து ஒளிபரப்பும் தொலைக்காட்சி நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

மருத்துவமனை ஒன்றில் உணவியல் ஆலோசகராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருபவள் நான். திரையில் சமைத்துக் காட்டும் ஒருவர் சில ஆண்டுகளுக்குள் ஊட்டச்சத்து பற்றிப் பேசுபவராகவும் எழுதுபவராகவும் ஆகிவிடுவதை நாம் எல்லோரும் பார்த்துவருகிறோம். அந்த மாற்றம் நிகழும் இடம் உங்கள் படப்பிடிப்பு அரங்கம். அங்கே உங்களுக்கென்று ஒரு பொறுப்பு இருக்கிறது என்பதையும், அதை இன்றுவரை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் எடுத்துச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்களால் முடியாத ஒரு காரியத்தை உங்கள் சமையல் கலைஞர்கள் செய்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். உப்பைக் குறையுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள், பொரித்த பண்டங்களைத் தவிருங்கள் என்று அச்சடித்த தாளொன்றை நோயாளியின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அடுத்த முறை வரும்போது பெரும்பாலும் அந்தத் தாள் மடிப்புக் கலையாமல் அப்படியே பையிலிருந்து வெளியே வருகிறது. ஆனால் அதே நோயாளி, தொலைக்காட்சியில் பத்து நிமிடம் பார்த்த ஒரு பண்டத்தை அன்று மாலையே செய்து பார்த்துவிடுகிறார். காய் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், தீயை எப்போது குறைக்க வேண்டும், எண்ணெய் குறைந்தாலும் வாசனை குன்றாமல் இருக்க எதை முதலில் போட வேண்டும் என்பதையெல்லாம் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டவரிடம் வருகிற துணிச்சலை எந்தத் தாளாலும் கொடுக்க முடியாது. ஆரோக்கியமான சாப்பாடு என்றாலே சப்பென்று இருக்கும் என்ற எண்ணத்தை உடைக்கக் கூடியவர்கள் அவர்கள்தாம். ஆகவே சமையல் கலைஞர்கள் உடல்நலத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று கேட்பது என் நோக்கமல்ல.

ஒரு சமையல் கலைஞரின் தொலைக்காட்சி வாழ்க்கை எப்படி வளர்கிறது என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. தொடக்கத்தில் அவர் செய்முறையை மட்டும் சொல்கிறார். நிகழ்ச்சி மக்களுக்குப் பிடித்துப்போகவே நேரம் நீட்டிக்கப்படுகிறது. அடுப்பில் பண்டம் வேகிற இடைவெளியைப் பேச்சால் நிரப்ப வேண்டியிருக்கிறது. இது இரத்தத்தைச் சுத்தப்படுத்தும், இது சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது, இதைத் தினமும் குடித்தால் எடை குறையும் என்பவை போன்ற வாக்கியங்கள் அந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. தயாரிப்புக் குழுவுக்கு அவை பிடித்திருக்கின்றன; சிறிய காணொளித் துண்டாக வெட்டி வெளியிட அவையே வசதியாக இருக்கின்றன. பிறகு புத்தகம் வருகிறது, அதன் அட்டையில் சமையலோடு உடல்நலமும் சேர்ந்துகொள்கிறது. அதைத் தொடர்ந்து இதழ்களில் பத்தி, வாசகர் கேள்விகளுக்குப் பதில், கடைசியில் அவர் பெயரிலேயே ஒரு மாவோ பொடியோ சந்தைக்கு வருகிறது. இந்தப் படிகளில் எதிலும் அவருக்குப் புதிதாக ஒன்றும் கற்பிக்கப்படவில்லை. மக்கள் அவர் மீது வைத்திருக்கும் நம்பிக்கை மட்டும் ஒவ்வொரு படியிலும் கூடிக்கொண்டே போகிறது.

அந்த நம்பிக்கை எதிலிருந்து வந்தது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். சமையலில் பொய் நிற்காது. சொன்னபடி செய்தால் மாவு பொங்குகிறது அல்லது பொங்கவில்லை. பார்ப்பவருக்கு அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. 1963இல் பாஸ்டன் நகரில் தொலைக்காட்சிச் சமையலைத் தொடங்கிய ஜூலியா சைல்ட், உருளைக்கிழங்கு அடை ஒன்றைத் திருப்பிப் போடும்போது அது பிய்ந்து அடுப்பு மேடையில் சிந்தியதை மறைக்காமல், எடுத்துச் சட்டியில் ஒட்டவைத்துச் சமையலைத் தொடர்ந்தார். தவறு எல்லோர் கண்ணெதிரிலும் நடந்தது, அதைத் திருத்தும் வழியும் கண்ணெதிரிலேயே கிடைத்தது. ஊட்டச்சத்து பற்றிய கூற்றில் அந்த வசதி இல்லை. தவறான குறிப்பொன்றைப் பின்பற்றியவருக்கு அதன் விளைவு மாதங்கள் கழித்து வேறொரு கட்டடத்தில், இரத்தப் பரிசோதனைத் தாளில் தெரியவருகிறது. அப்போது அந்தக் குறிப்பைச் சொன்னவருக்கோ ஒளிபரப்பிய உங்களுக்கோ செய்தி வந்து சேர்வதில்லை. கைப்பக்குவத்தால் சம்பாதித்த நம்பிக்கை, கைப்பக்குவத்துக்குத் தொடர்பே இல்லாத ஒரு கூற்றுக்குச் செலவாகிறது.

சிறுநீரகத்தின் செயல்பாடு வெகுவாகக் குறைந்துவிட்ட ஒரு முதியவரை அவருடைய மகள் அழைத்து வந்திருந்தார். பொட்டாசியம் ஏறியிருந்தது. மருந்தில் மாற்றமில்லை, பழங்களும் அளவோடுதான். என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டதும், மகள் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை என் மேசையில் வைத்தார். தொலைக்காட்சியில் பார்த்த செய்முறைகளை நாள் குறித்து நீல மையில் எழுதியிருந்தார். அடுப்பருகே வைத்துப் புரட்டியதால் சில பக்கங்களில் எண்ணெய்க் கறை படிந்து எழுத்து மறுபக்கம் தெரிந்தது. எல்லாச் செய்முறைகளிலும் உப்புக்கு நேரே ‘தேவையான அளவு’ என்றே இருந்தது. ஒரு பக்கத்தின் ஓரத்தில் மட்டும் சிவப்பு மையில் நட்சத்திரம் போட்டு, சாதாரண உப்புக்குப் பதிலாக சோடியம் குறைந்த உப்பைப் போட வேண்டும், பிரஷருக்கு நல்லது என்று குறித்து வைத்திருந்தார். அன்றிலிருந்து தந்தையின் சாப்பாட்டில் அந்த உப்பையே போட்டு வந்திருக்கிறார். அவ்வளவு அக்கறையோடு தந்தையைக் கவனித்த பெண்ணிடம், அந்த அக்கறையினாலேயே வந்த கேடு இது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வகை உப்பில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை நீக்கிவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள சிறுநீரகம் மிகுதியான பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும்; பழுதுபட்ட சிறுநீரகத்தால் அது முடியாது. இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மருந்துகளும் பொட்டாசியத்தை உடலில் தேக்கிவைக்கும் இயல்புடையவை. அளவு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், நின்றும் போகலாம்.

இதில் என்னை மிகவும் வருத்துவது, அந்தச் சமையல் கலைஞர் சொன்னது பொய்யல்ல என்பதுதான். சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வொன்றில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதமும் இறப்பும் குறைந்திருந்தன. உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் இத்தகைய உப்பைப் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பரிந்துரை குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் பொருந்தாது என்று அதே ஆவணம் தெளிவாக வரையறுக்கிறது. சீன ஆய்விலும் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. திரையில் நல்லது என்ற பகுதி மட்டும் வந்தது. யாருக்கு ஆகாது என்ற பகுதி வரவில்லை. அதைச் சொல்ல ஐந்து நொடி போதும். அந்த ஐந்து நொடி நிகழ்ச்சியில் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் அரங்கில் ஒருவரும் இல்லை.

நான் அந்தத் தொலைக்காட்சி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். அந்தப் பகுதி மறுஒளிபரப்பு ஆகாது என்று பணிவான பதில் வந்தது. காணொளித் துண்டு மட்டும் இணையத்தில் இன்னும் இருக்கிறது.

படிப்பு இருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நீங்கள் எண்ணலாம். அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஊட்டச்சத்து எழுத்தாளராகப் பெரும்புகழ் பெற்ற அடெல் டேவிஸ், உயிர்வேதியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். சமையல் நூலும் எழுதினார், தாய்மார்களுக்கு வழிகாட்டும் நூலும் எழுதினார். தொலைக்காட்சி உரையாடல்களால் அவர் பெயர் வீடுதோறும் சென்றது. வெண்ரொட்டியையும் பதப்படுத்திய உணவுகளையும் பற்றி அவர் எச்சரித்தவற்றில் காலம் கடந்து நிற்கும் உண்மைகள் உண்டு. ஆயினும் 1969இல் வெள்ளை மாளிகை கூட்டிய உணவு, ஊட்டச்சத்து மாநாட்டின் ஒரு குழு, நாட்டில் தவறான ஊட்டச்சத்துத் தகவல் பரவுவதற்கு மிகவும் கேடான ஊற்றாக அவரையே சுட்டியது. அவர் 1974இல் மறைந்தார். 1978இல், கைக்குழந்தையின் வயிற்று வலிக்கு அவருடைய நூலில் கண்டபடி பெற்றோர் பொட்டாசியம் குளோரைடு கொடுக்க, குழந்தை இறந்துபோயிற்று; வழக்கு நடந்து பதிப்பகத் தரப்பு இழப்பீடு தர நேர்ந்தது. என் மேசைக்கு வந்த அதே பொருள்தான். அடெல் டேவிஸின் பட்டம் உண்மையானது, நல்லெண்ணத்தையும் நான் ஐயுறவில்லை. அச்சுக்குப் போகும் முன் குழந்தை மருத்துவம் அறிந்த ஒருவர் அந்தப் பக்கத்தைப் படித்து அடித்துவிட்டிருந்தால் போதும்.

மருத்துவர்கள் நடத்திய அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் நிலையும் வேறல்ல. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்று அத்தகைய இரண்டு நிகழ்ச்சிகளைப் பரிசோதித்தது. அவற்றுள் ஒன்றில் கூறப்பட்ட அறிவுரைகளில் 46 விழுக்காட்டுக்குத்தான் சான்று இருந்தது, 15 விழுக்காடு சான்றுக்கு முரணாக இருந்தது, எஞ்சியவற்றுக்குச் சான்றே கிடைக்கவில்லை. வெள்ளை அங்கி அணிந்தவருக்கே இரண்டாவது கண் தேவைப்படுகிறது என்றால், கரண்டி பிடித்தவரை மட்டும் தனியே நிறுத்துவது அவருக்கும் அநியாயம்.

இதற்கு நேர்மாறாக ஒரு சமையல் கலைஞரின் வாழ்க்கையும் உண்டு. தயாரிப்பாளர்களாகிய நீங்கள் அதை அறிந்திருக்க வேண்டும். லண்டனில் 1934இல் பிறந்த கிரஹாம் கெர், நியூசிலாந்து விமானப்படையின் உணவு ஆலோசகராக இருந்து 1960இல் அங்கேயே தொலைக்காட்சிக்கு வந்தவர். 1960களின் இறுதியில் கனடாவின் ஒட்டாவாவிலிருந்து அவர் நடத்திய நிகழ்ச்சி பல நாடுகளில் ஒளிபரப்பானது. கையில் மதுக் கிண்ணம், சட்டியில் வெண்ணெயும் பாலாடையும் தாராளம், முடிவில் பார்வையாளர்களுள் ஒருவரைத் தம் மேசைக்கு அழைத்து உடன் உண்பது என்று கொண்டாட்டமாக நடந்த நிகழ்ச்சி அது. அதைத் தயாரித்தவர் அவருடைய மனைவி ட்ரீனா. 1971இல் நேர்ந்த சாலை விபத்துக்குப் பிறகு அந்த நிகழ்ச்சி நின்றது. 1980களின் பிற்பாதியில் ட்ரீனாவுக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் வந்தன. தாம் உலகத்துக்குக் காட்டிய அதே சமையலைத்தான் தம் வீட்டிலும் உண்டுவந்தோம் என்பதைக் கெர் எண்ணிப் பார்த்தார்.

அதன்பின் அவர் செய்தது எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் படுகிறது. அற்புத மூலிகை எதையும் கையில் எடுக்கவில்லை. தம் பழைய பண்டங்களையே ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, கொழுப்பையும் உப்பையும் குறைத்து, மணத்தையும் நிறத்தையும் பதத்தையும் கூட்டித் திரும்பச் செய்தார். அந்த முறைக்கு மினிமேக்ஸ் என்று பெயரிட்டு 1990 முதல் சியாட்டிலிலிருந்து மறுபடியும் திரைக்கு வந்தார். பழைய செய்முறையில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு கலோரி, புதியதில் எவ்வளவு என்று எண்களைப் பக்கம்பக்கமாக வைத்துக் காட்டினார். இது இந்த நோயைப் போக்கும் என்று சொல்வதற்கும், இதில் கொழுப்பு முன்பைவிட இவ்வளவு குறைவு என்று சொல்வதற்கும் உள்ள தூரம் பெரியது. முதலாவது மருத்துவக் கூற்று. இரண்டாவது சமையலறையிலேயே எடைபோட்டுச் சரிபார்க்கக் கூடியது. சமையல் கலைஞர் ஒருவர் தம் துறையை விட்டு விலகாமலேயே உடல்நலத்துக்குத் துணைநிற்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

எடைபோடும் பழக்கம்தான் இன்று உங்கள் அரங்குகளில் காணாமல் போயிருக்கிறது. பொருள்கள் சிறுசிறு கண்ணாடிக் கிண்ணங்களில் முன்கூட்டியே அளந்து வைக்கப்பட்டு மேசைக்கு வருகின்றன. அளந்தவர் திரைக்கு வெளியே நிற்கிறார். எண்ணெய் புட்டியிலிருந்து நேராகச் சட்டியில் விழும்போது கேமரா சமைப்பவரின் முகத்துக்குப் போய்விடுகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. முகத்தைக் காட்டிய நேரத்தில் விழுந்தது ஒரு கரண்டியா நான்கா என்பது வீட்டில் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. பிரிட்டனில் தொலைக்காட்சிச் சமையல் கலைஞர்களின் விற்பனையில் முன்னணியில் இருந்த நூல்களிலிருந்து 100 செய்முறைகளை எடுத்துக் கடைகளில் விற்கும் 100 ஆயத்த உணவுகளோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2012இல் வெளியானது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைகள் அனைத்தையும் நிறைவுசெய்த உணவு இரு தரப்பிலும் ஒன்றுகூட இல்லை. கலோரி, கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றில் சமையல் கலைஞர்களின் உணவுகளே ஒரு பரிமாறலுக்கு மிகுதியாக இருந்தன, நார்ச்சத்தில் குறைவாக இருந்தன. வீட்டில் சமைத்தது என்பதாலேயே நல்லது என்று நம்பிச் சமைப்பவர்களுக்கு இந்தத் தகவல் போய்ச் சேர்வதில்லை.

சட்டத்தின் நிலையையும் கருதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுப் பொட்டலத்தின் மேல் உடல்நலக் கூற்று ஒன்றை அச்சிட வேண்டுமானால், 2006ஆம் ஆண்டு இயற்றப்பட்ட விதிகளின்படி அது அறிவியல் பரிசீலனைக்கு உட்பட்டு அனுமதி பெற்றிருக்க வேண்டும். பொட்டலத்தில் அச்சிட முடியாத அதே வாக்கியத்தைச் சமையல் கலைஞர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போக முடிகிறது. பிரிட்டனில் உணவியல் வல்லுநர் என்ற பட்டப்பெயரைப் பதிவுபெறாதவர் பயன்படுத்தினால் குற்றம். ஊட்டச்சத்து நிபுணர் என்று எவரும் தம்மை அழைத்துக்கொள்ளலாம். உங்கள் திரையின் அடியில் ஒருவர் பெயருக்குக் கீழே ஊட்டச்சத்து நிபுணர் என்று எழுத்து ஓடும்போது அதை எழுதித் தருவது உங்கள் குழு. எந்தச் சான்றைப் பார்த்து எழுதினார்கள் என்று அடுத்த முறை கேட்டுப் பாருங்கள்.

நிகழ்ச்சியின் முடிவில் பெயர்ப் பட்டியலோடு சேர்ந்து ஓடும், மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும் என்ற பொடி எழுத்தை நீங்கள் சுட்டிக்காட்டக் கூடும். அது உங்கள் வழக்கறிஞருக்காக எழுதப்பட்டது. நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெடுக்கும் பெண்ணுக்காக எழுதப்பட்டதல்ல.

நான் கேட்பது பெரிய ஏற்பாடு எதுவுமில்லை. உடல்நலம் பற்றிய வாக்கியம் எந்த நிகழ்ச்சியில் வருகிறதோ, அதன் படத்தொகுப்பு முடிந்ததும், மருத்துவமனை அனுபவமுள்ள பதிவுபெற்ற உணவியல் வல்லுநர் ஒருவர் அதை முழுவதும் பார்க்க வேண்டும். அவருக்கு வெட்டும் உரிமை இருக்க வேண்டும். யாருக்கு ஆகாது என்ற குறிப்பைச் சேர்க்கும் உரிமையும் இருக்க வேண்டும். அவர் பெயர் நிகழ்ச்சியில் வர வேண்டும், அப்போதுதான் பொறுப்பு ஒருவர் தலையில் நிற்கும். ஆலோசனைக் குழு என்று பத்துப் பேரின் பெயரைப் போட்டுவிட்டு ஒருவரும் நிகழ்ச்சியைப் பாராமல் விடும் வழக்கத்தால் எந்தப் பயனும் இல்லை. உப்பு, எண்ணெய், சர்க்கரை இம்மூன்றையும் கேமராவின் முன் அளந்து போடச் செய்யுங்கள். எத்தனை பேருக்கான சமையல் என்பதோடு அந்த அளவுகளைத் திரையில் காட்டுங்கள். புகழப்படும் பொருள் சமையல் கலைஞரின் சொந்தத் தயாரிப்பாகவோ விளம்பரதாரருடையதாகவோ இருந்தால், புகழும் அதே நொடியில் அதைத் திரையில் எழுதுங்கள்.

தவறு வெளிப்பட்டால், எந்த நாளில் எந்த நேரத்தில் அது சொல்லப்பட்டதோ அதே நாளில் அதே நேரத்தில், சொன்னவரின் வாயாலேயே திருத்தம் வர வேண்டும். இணையத்தில் உள்ள துண்டையும் நீக்க வேண்டும். தம் தவறைத் தாமே திருத்தும் சமையல் கலைஞரைப் பார்வையாளர்கள் கைவிடுவதில்லை. பிய்ந்த அடையை ஒட்டவைத்தவரை அவர்கள் கைவிட்டார்களா?

இதற்கு ஆகும் செலவு ஒரு நிகழ்ச்சியின் அலங்காரச் செலவைத் தாண்டாது என்றே நம்புகிறேன். நேரம் போதாது என்ற வாதத்துக்கும் ஒரு பதில் உண்டு: சரிபார்க்க நேரமில்லாத வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில் சமையல் கலைஞர் தீயின் அளவைப் பற்றியோ காயைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைப் பற்றியோ பேசட்டும். அவர் உண்மையிலேயே அறிந்தது அது, மக்கள் அவரிடம் முதலில் தேடி வந்ததும் அதற்காகத்தான்.

உங்கள் சமையல் கலைஞர்களிடமும் இந்த மடலைக் காட்டுங்கள். அவர்களுள் பலர் இத்தகைய வாக்கியங்களை விரும்பிச் சொல்வதில்லை என்பதையும், எழுதிக் கொடுக்கப்பட்ட தாளிலிருந்தே படிக்கிறார்கள் என்பதையும் அத்துறையில் உள்ளவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். புத்தக ஒப்பந்தமும் பொருள் ஒப்பந்தமும் அவர்களை அந்தத் திசையில் தள்ளுகின்றன. தமக்குத் தெரியாததைப் பேச மறுக்கும் உரிமை அவர்களின் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருக்குமானால், அதைப் பயன்படுத்தப் பலர் முன்வருவார்கள்.

அடுத்த பருவத்துக்கான ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் முன் இவற்றைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாது என்றால், சோடியம் குறைந்த உப்பைப் பற்றி உங்கள் நிகழ்ச்சிகளில் இதுவரை வந்த பகுதிகளைத் தேடி எடுத்து, சிறுநீரக நோயாளிகளுக்கான எச்சரிக்கையை அவற்றில் சேர்ப்பதிலிருந்து தொடங்குங்கள். சேர்க்க வேண்டிய வாக்கியத்தை எழுதித் தரவும், பகுதிகளைப் பார்த்துக் கொடுக்கவும் ஊதியம் எதிர்பாராமல் முன்வரக் கூடிய உணவியல் ஆலோசகர்கள் என்னைப் போல் பலர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மருத்துவமனை உணவியல் ஆலோசகர் ஒருவர்